மெருகு போட்ட ஒரு சென்ட்

1

இந்தக் கதை என் வாயில் பிறந்தது. மிகையில்லை. பல்செட் கட்டுபவரின் நாற்காலியில் அண்ணாந்து கிடந்தேன். அளவெடுக்கும் மாவை மேல்தாடை நிறைய அப்பியிருந்தார். அது இறுகும்வரை அவர் பேசலாம், நான் பேச முடியாது. ஆகவே குறுக்குக் கேள்வி இல்லாமல் கேட்ட கதை இது. ஓட்டைகள் இருந்தால் பழி மாவுக்கு.

2

முதல் தொடக்கம்: நீலக் கடல் சூழ்ந்த அந்தக் கரீபியன் தீவில், காலைச் சூரியன் மெல்ல

(அடித்துவிட்டேன். நான் அங்கே போனதில்லை. அவரும் போனதில்லை.)

இரண்டாவது: கப்பலில் சமையல் வேலை பார்க்கும் ஒருவர் புதுப் பல்லை மாட்டிக்கொண்ட மகிழ்ச்சியில் சட்டைப்பையைத் துழாவி, கரீபியன் தீவு நாடு ஒன்றின் ஒரு சென்ட் காசைக் கொடுத்துவிட்டுப் போனார். அங்கே அதற்கு ஒரு மிட்டாய்கூட வராதாம். பல்காரருக்குப் பித்துப் பிடித்தது. அச்சடித்த ஆண்டுக்கொன்றாக அந்த ஒரு சென்ட்டுகளைச் சேர்த்தார். பத்து சென்ட்டை ஏறெடுத்தும் பார்ப்பதில்லை. அது பணக்காரக் காசாம்.

ஒரே ஓர் ஆண்டின் காசு மட்டும் சிக்கவில்லை. அது, இவரைப் போலவே காசு சேர்க்கும் மூக்குக்கண்ணாடிக் கடைக்காரர் ஒருவரிடம் இருந்தது. பல்காரரிடம் இரண்டாக இருக்கும் பழைய காசு ஒன்றைக் கொடுத்தால் மாற்றிக்கொள்ளலாம், வீட்டுக்கே வருகிறேன் என்றார் அவர்.

(அடிக்குறிப்பு, கீழே கொண்டுபோய்ப் போடச் சோம்பல்: பழைய காசைத் துலக்கக் கூடாது. பழுப்பேறிய மேல்தோல்தான் அதன் மதிப்பு. பளிச்சென்று தேய்த்தால் சேகரிப்பவர்கள் கண்ணில் அது செத்த காசு.)

3

இனி பல்காரரின் மனைவி. அசடாக எழுதினால் எனக்கு வேலை எளிது, உங்களுக்கும் சிரிப்பு வரும். ஆனால் பட்டறையில் பல்செட்டுகளுக்கெல்லாம் மெருகு போடுவது அவர் கைதான். ஊரில் பாதிச் சிரிப்பு அவர் தேய்த்தது.

போன வாரம் சண்டை.

"அந்தக் கறுத்த சில்லறையத் தடவுற கையால, என் கையை என்னைக்காவது புடிச்சிருக்கீங்களா?"

"உனக்கென்ன தெரியும் அதப்பத்தி?"

அதன்பிறகு வீட்டில் பாத்திரங்கள் மட்டுமே பேசின.

4

கண்ணாடிக் கடைக்காரர் வந்து உட்கார்ந்தார். மனைவி டீயோடு காசு டப்பாவையும் கொண்டுவந்து வைத்துத் திறந்தார். பல்காரருக்குக் கண் கூசியது.

"பல்லுக்குப் போடுற மெஷின்லயே மெருகு போட்டேங்க. ஒன்னு விடல. நாலு பேர் பார்க்கிற பொருள், அழுக்கா இருந்தா உங்களுக்குத்தான அசிங்கம்?" பிறகு, குரலைத் தாழ்த்தி, "இனிமே சண்டை வேணாம்."

கடைக்காரர் லென்ஸைக் கண்ணில் வைத்தார். எடுத்தார்.

"டீ நல்லாருக்கும்மா," என்றார். இன்னும் குடிக்கவில்லை.

"என்னங்க, ஒன்னுமே சொல்லலையே?"

பல்காரர் வாயைத் திறந்தார்.

5

அந்த நேரம் பார்த்து மாவு இறுகிவிட்டது. உருவி எடுத்தார். 'அப்புறம்?' என்று கேட்க நான் நாக்கைத் தேடுவதற்குள் அவர் மனைவியே உள்ளே வந்து அச்சை வாங்கிக்கொண்டார். பல்காரர் அடுத்த ஆளைக் கூப்பிட்டார்.

முடிவுகளைப் போட்டுப் பார்த்தேன். அவர் கத்துகிறார்; கதை முடிகிறது, குடித்தனமும். (ஆனால் அந்த அம்மா இன்னும் பட்டறைக்கு வருகிறாரே?) கடைக்காரர் பெருந்தன்மையாகப் பளபளக்கும் காசையே வாங்கிக்கொள்கிறார், இதை எழுதும்போது எனக்கே பல் கூசியது. மனைவி தெரிந்தே, வேண்டுமென்றேதான்

(இல்லை. இப்படி நினைத்தேன் என்று அவரிடம் சொல்லிவிடாதீர்கள். என் பல்லும் அவர் கையில்தான் இருக்கிறது.)

ஆகவே பல்காரரின் வாய் திறந்தபடியே நிற்கிறது. எதிரே டப்பா நிறைய மினுக்கம், அதைவிட மினுங்கும் ஒரு முகம். அந்த வாயில் வைக்க ஒரு சொல் வேண்டும். அளவு உங்கள் பொறுப்பு. வைத்த பிறகு, புதுப் பல் மாட்டியவர்களிடம் அவர் கேட்பதையே நீங்களும் கேளுங்கள்:

"கடிச்சுப் பாருங்க. எங்கயாவது வலிக்குதா?"