தூணுக்குப் பக்கத்தில் நின்றவள்

ஜார்ஜியாவிலிருந்து சேதுமாதவன் எடுத்துவந்த படங்கள் எல்லாவற்றிலும் ஷாஜினி நின்றாள். தூணுக்குப் பக்கத்தில், வளைந்து ஏறும் படிக்கட்டில், கூரை பெயர்ந்த நடன மண்டபத்தின் நடுவில். கையில் சிவப்பும் வெள்ளையுமாகப் பட்டை போட்ட அளவுகோல்.

பார்க்கப் பார்க்க அவன் மனைவி சந்தியாவுக்கு வயிறு எரிந்தது.

"தூண் எவ்வளவு உயரம்னு தெரியணும்ல? அதுக்கு ஒரு ஆள் நிக்கணும்" என்றான் சேது, அவள் கேட்காமலேயே.

அவன் மஸ்கட்டில், ரூவி பகுதியில் ஒரு கட்டட நிறுவனத்தில் வரைபடம் போடுபவன். சோவியத் காலத்தில் தொழிலாளர்கள் வெந்நீர் ஊற்றில் குளித்து உடம்பைத் தேற்றிக்கொள்ளக் கட்டிய மாளிகை அது. பாழடைந்து கிடந்ததை மஸ்கட் முதலாளி ஒருவர் ஹோட்டலாக்குவதற்கு வாங்கியிருந்தார். அளக்கப் போனவர்கள் சேதுவும் உடன் வேலை செய்யும் ஷாஜினியும்.

சந்தியாவோ பள்ளி நாளிலேயே அங்கே போய்விட்டவள். நூலகத்து ரஷ்ய நாவல்களில் இருமல்காரர்கள் போர்வையைச் சுற்றிக்கொண்டு நீண்ட தாழ்வாரங்களில் சாய்ந்திருப்பார்கள். மாலையில் எங்கோ பியானோ கேட்கும். கல்யாணமாகி மஸ்கட் வந்த பிறகும், சமையலறை ஜன்னலில் ஏசி இரைந்துகொண்டிருக்க, அந்தத் தாழ்வாரத்தில் எத்தனையோ மதியங்களைக் கழித்திருக்கிறாள். இப்போது அங்கே இன்னொருத்தியின் செருப்புத் தடம்.

வெள்ளிக்கிழமை, படங்களைப் பென் டிரைவில் ஏற்றிக்கொள்ள ஷாஜினியே வந்தாள். ஆர்குட்டில் போட வேண்டுமாம்.

"எக்கா, அது என்ன இடம்ங்கீங்க! ஒரே மாட்டுச் சாணி. போரில வீடு எழந்த சனங்க மேல்மாடில குடியிருந்து துணி காயப்போட்டிருக்கு. குளிருல எனக்கு விரலே வெறச்சுப் போச்சு."

"அந்தப் படிக்கட்டு பளிங்கா?"

"பளிங்கா இருக்கும்... யாரு பாத்தா?"

"ஏறும்போது சத்தம் எப்படி இருந்துச்சு? கூரை வட்டமா திறந்திருக்கே, வெளிச்சம் தண்ணித் தொட்டி வரைக்கும் இறங்குதா?"

ஷாஜினி சிரித்துவிட்டாள். "எக்கா, நான் கோலைப் புடிச்சிட்டு நின்னேன். எப்ப சாப்பாடு வரும்னு பாத்தேன். வேற என்னத்தப் பாக்க?"

தட்டில் வைத்த முறுக்கை அவள் கையிலிருந்து பிடுங்கிவிடலாமா என்றிருந்தது சந்தியாவுக்கு.

ஷாஜினி போன பிறகு சேது கதவைத் தாழிட்டுவிட்டு வந்து மெல்லச் சொன்னான்: "உன் மூஞ்சியப் பாத்தாலே தெரியுது. அடுத்த மாசம் மறுபடியும் போகணும். ஷாஜினி வேணாம்னு ஆபீஸ்ல சொல்லிட்டேன். கௌஸ் முகைதீன் பாய் வர்றாரு. போதுமா?"

"அவ வந்தா எனக்கென்ன?"

"பின்ன எதுக்கு ரெண்டு நாளா மூஞ்சியத் தூக்கி வச்சிருக்க?"

"அவ அங்க நின்னுருக்கா. நான் நிக்கல. நீங்களும் போய்ட்டு வந்து ரூம்ல ஹீட்டர் வேலை செய்யலங்கிறீங்க. அதுவா சேதி?"

பொறாமை இந்தத் திசையில் போகுமென்று சேது நினைத்திருக்கவில்லை.

"கோல் பிடிக்க இன்ஜினியர்தான் வேணுமா?" என்றாள்.

"இல்ல... யாரு நின்னாலும் சரிதான்."

"அப்ப நான் வர்றேன்."

"பாய்க்குச் சொல்லியாச்சேடி. அவரு ஸ்வெட்டர்லாம் வாங்கிட்டாரு."

சந்தியாவுக்கு இப்போது கௌஸ் முகைதீன் மேல் எரிந்தது. அந்த ஸ்வெட்டர் மேலும்கூட. மேசையிலிருந்த சேதுவின் போனை எடுத்து அவளே அழுத்தினாள்.

"கௌஸ் அண்ணே, சேது வீட்லருந்து சந்தியா பேசுறேன். நல்லாருக்கீங்களா? ஜார்ஜியா போறீங்களாமே... சோறா? அங்க சோறு மாஃபி அண்ணே, கெடைக்கவே கெடைக்காது. காலைல ரொட்டி, ராத்திரியும் ரொட்டிதான். உங்களுக்குச் சர்க்கரை வேற இருக்கே..."

சேது வாயைப் பொத்திக்கொண்டு சோபாவில் உட்கார்ந்தான்.

"அட, எனக்காகவா சொல்றேன்? உங்க உடம்பை நெனச்சுத்தான்" என்றாள் சந்தியா, மிகுந்த கவலையோடு.