சாம்பிளில் இருந்தது

என் சாம்பிள் எனக்கு முன்பே வேலைக்கு வந்துவிட்டது. காலை ஷிஃப்டுக்குக் கார்டைத் தேய்த்தபோது, குணவதி ஏற்கெனவே உள்ளே இருக்கிறார் என்று மெஷின் காட்டியது. செக்யூரிட்டி ஆச்சரியப்படவில்லை. போதையில்லாப் பணியிட விதி வந்ததிலிருந்து இப்படித்தான். ஹெச்.ஆருக்குப் போகச் சொன்னார்.

அங்கே என் சிறுநீர் சாம்பிள் பாட்டில் நாற்காலியில் இருந்தது. நான் நின்றேன்.

மேனேஜர் வித்யாசாகர் ரிப்போர்ட்டைப் படித்தார். கஞ்சா இல்லை. மது இல்லை. தூக்க மாத்திரை இல்லை. கடைசி வரியில் விரலை வைத்தார்.

"பயம் இருக்கும்மா."

எவ்வளவு என்று கேட்டேன். அதைச் சொல்லத் தனக்கு அதிகாரம் இல்லை என்றார். மாநில விதிப்படி பயம் கொஞ்சம் இருக்கலாம். மத்திய விதிப்படி துளியும் கூடாது. விதிக்கு ஒருவராக இரண்டு அதிகாரிகள் வராந்தாவின் கோடியில், எதிரெதிர் அறைகளில் இருந்தார்கள். சாயங்காலத்துக்குள் இருவரிடமும் கையெழுத்து வாங்காவிட்டால் வேலை இல்லை.

பாட்டிலைத் தூக்கிக்கொண்டு நடந்தேன். அது இன்னும் சூடாக இருந்தது.

அந்த வராந்தா இருபது அடிதான். நடக்க நடக்க நீண்டது. டீ இடைவேளை மணி எனக்குப் பின்னால் வெகு தூரத்தில் அடித்தது. முன்பு அனுப்பப்பட்டவர்கள் சுவரோரம் நின்றிருந்தார்கள். பெயிண்டிங் செக்‌ஷன் ரவூஃப் அண்ணனை அடையாளம் தெரிந்தது. போன மாதம் இருமல் மருந்து குடித்துவிட்டு வந்தவர். இடுப்புவரை சுவரோடு சுவராகிவிட்டிருந்தார்.

"சாயாதம்மா," என்றார். "இன்னும் காயல."

மாநில அதிகாரி, மத்திய அதிகாரி கையெழுத்துப் போட்டால் தானும் போடுவதாகச் சொன்னார். மத்திய அதிகாரி பாட்டிலை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

"பயம் சொந்தமா, யாராவது குடுத்ததா?"

எனக்குப் புரியவில்லை. அவர் பொறுமையாக விளக்கினார். சொந்தம் என்றால் நான் வராந்தாவில் நிற்க வேண்டும். யாராவது கொடுத்தது என்றால் கொடுத்தவர் நிற்பார். படிவத்தில் பெயர் எழுத ஒரு கோடு இருந்தது.

டெஸ்ட் எடுத்த அன்று, பெண் செக்யூரிட்டி டாய்லெட்டுக்குள்ளேயே நின்று என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார். எனக்கு வரவில்லை. பத்து நிமிடம் ஆயிற்று. வெளியே சகாயராணி குழாயைத் திறந்துவிட்டாள். தண்ணீர்ச் சத்தம் கேட்டதும் வந்தது. ஆறு வருடமாக கன்வேயர் பெல்ட்டில் எனக்குப் பக்கத்தில் உட்காருகிறவள் அவள்.

ப்ளஸ் டூ படிக்கும் என் மகளை நினைத்துக்கொண்டேன். அவளை நினைக்காமல் இருந்திருந்தாலும் எழுதியிருப்பேன். கோட்டின் மேல் சகாயராணி என்று எழுதினேன்.

இருவரும் உடனே கையெழுத்துப் போட்டார்கள். திரும்பும்போது சுவரைப் பார்க்காமல் நடந்தேன். வழி இருபது அடிதான் இருந்தது.

பெல்ட்டில் எனக்குச் சேர வேண்டிய வயர்களையும் சகாயராணியே செருகிக்கொண்டிருந்தாள்.

"என்னடி சொன்னாங்க?"

"ஒண்ணுமில்ல. க்ளீன்."

"நான்தான் பயந்து செத்தேன்," என்று சொல்லிச் சிரித்தாள்.

மைக்கில் அவள் பெயரை வாசித்தார்கள். பெல்ட்டில் இருந்த நாற்பது பேரும் குனிந்துகொண்டார்கள். அவள் கையுறையைக் கழற்றி, மடித்து வைத்தாள்.

"கூட வர்றியா?"

டார்கெட் பாக்கி இருக்கிறது என்றேன். சரி என்பதுபோலத் தலையாட்டிவிட்டுப் போனாள். மத்தியானம் வரை அவள் செருப்புச் சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது.

சூப்பர்வைசர் வந்து என் கைகளைப் பார்த்தார். ஏன் நடுங்குகிறது என்று கேட்டார். ரிப்போர்ட்டைக் காட்டினேன். இரண்டு கையெழுத்தையும் சரிபார்த்தார். அப்படியென்றால் நடுங்கவில்லை என்று சொல்லிவிட்டு, அடுத்த ஆளிடம் போனார்.