ஒட்டாத இடம்

முனிரத்தினத்துக்கு வேலை போனது என்னால்தான். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். சுற்றி வளைத்துச் சொல்லும் யோக்கியதை எனக்கில்லை.

தொண்ணூற்றேழில் திருமுடிவாக்கத்தில் ஸ்ரீரங்கன் என்பவரின் பட்டறையில் தகடு அடிக்கும் பிரஸ் ஒன்று இருந்தது. வருஷக்கணக்காக அடித்து அடித்து அதன் எஃகுச் சட்டம் விரிசல் விட்டிருந்தது. மூன்று முறை வெல்டிங் வைத்தார்கள். ஒவ்வொரு முறையும் வெல்டிங்குக்குப் பக்கத்திலேயே மறுபடி விட்டது. அப்போதுதான் எஞ்சினியரான நான் பெரிய மேதாவி மாதிரி உள்ளே நுழைந்தேன்.

"நெருப்பே வேணாம் சார். கார்பன் ஃபைபர் துணிய பசை போட்டு ஒட்டினா போதும், விரிசல் மேல ஓடாது. ஏரோபிளேனுக்கே இப்படித்தான் பண்றாங்க" என்றேன். ஏரோபிளேன் என்றதும் அவர் மடங்கிவிட்டார்.

பிரஸ்ஸை ஓட்டியவர் முனிரத்தினம். தினமும் காலையில் அதைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்ட பிறகுதான் சுவிட்சைப் போடுவார். அவரைக் கூப்பிட்டுக் கறாராகச் சொன்னேன்: "சுத்தம் பண்ணின இரும்புல வெறுங்கை பட்டாலே பிசுக்கு ஒட்டிக்கும், அப்புறம் பசை பிடிக்காது. நாளைக்கு ஒரு நாள் கும்பிடெல்லாம் தூரத்துல இருந்தே வெச்சுக்கங்க."

"அந்தப் பக்கமே தலவெச்சிப் படுக்க மாட்டேன் சார்" என்று சிரித்தார்.

மறுநாள் காலை மணல் பீய்ச்சித் துருவை எடுத்து, அசிட்டோனால் துடைத்து முடித்தேன். எல்லோரும் சாப்பிடப் போயிருந்தார்கள். வியர்வையில் ஊறிய கையுறையை மாற்றக் கழற்றினேன். இந்த மாதிரி ஒட்டு எனக்கு அதுதான் முதல். நல்லபடியாக முடியவேண்டுமே என்ற பயத்தில் கை தானாகப் போய் அந்த இரும்பைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டது. தொட்ட பிறகுதான் உறைத்தது. மறுபடி துடைக்கலாமென்றால் அசிட்டோன் தீர்ந்திருந்தது. பல்லாவரம் போய் வாங்கி வர அரைநாள் ஆகும். ஒன்றும் ஆகாது என்று அடியில் அரிப்பைத் தடுக்கக் கண்ணாடி இழைத் துணியும் அதன்மேல் கார்பன் துணியுமாக ஒட்டிவிட்டேன்.

நாலாம் மாதம் ஒட்டு பெயர்ந்தது. விரிசல் பாதிச் சட்டம் வரை ஓடியிருந்தது. பிரஸ் இனி காயலான் கடைக்குத்தான். ஒட்டை உரித்துப் பார்த்தால், பசை பிடிக்காத இடம் ஓர் உள்ளங்கை அளவுக்கு, ஐந்து விரல்களோடு தெரிந்தது.

"தொட்டுட்டான்யா! சொல்லியும் கேக்கல பாரு, கும்பிடு பைத்தியம்!" என்று கத்தினார் ஸ்ரீரங்கன்.

எல்லோரும் முனிரத்தினத்தைத்தான் பார்த்தார்கள். எஞ்சினியர் இரும்பைக் கும்பிடுவார் என்று யாருக்குத் தோன்றும்?

"நான் தொடவே இல்ல மொதலாளி. புள்ளிங்க மேல சத்தியம்" என்றார் அவர்.

நான் வாயைத் திறக்கவில்லை. அன்று சாயங்காலமே அவரை அனுப்பிவிட்டார்கள்.

இரண்டு வருஷம் கழித்து, செம்பாக்கத்தில் ஒரு ஃபிளாட் வாசலில் வாட்ச்மேன் உடுப்பில் அவரைப் பார்த்தேன். திரும்பிப் போய்விடலாம் என்று நினைப்பதற்குள் எழுந்து வந்துவிட்டார்.

"இன்னா சார், நல்லா கீறியா?" என்றவர் தயங்கித் தயங்கிச் சொன்னார். "நானும் யோசிச்சி யோசிச்சிப் பாத்தேன் சார். சாப்ட போறதுக்கு மிந்தி, பழக்க தோசத்துல நான்தான் தொட்டுகினேன் போல கீது. புள்ளிங்க மேல பொய் சத்தியம் வேற பண்ட்டேன். உன் பேரும் கெட்டுப்போச்சி. மன்சுல வெச்சிக்காத சார்."

என் கையைப் பிடித்துக்கொண்டார். உண்மையைச் சொல்ல அதைவிட நல்ல நேரம் வாய்க்காது. அது எனக்கு அப்போதே தெரிந்திருந்தது.

"பரவால்ல முனிரத்தினம், விடுங்க" என்று அவரை மன்னித்துவிட்டு வந்தேன்.