கடைசிப் படி

கடல் வற்றும் நேரத்தில் படகுத்துறையின் கடைசிப் படி வெளியே தெரிய வேண்டும். பாசி பிடித்த அந்தப் படி மூழ்கியதைப் பார்த்துத்தான் சரக்குப் படகுக்காரர்கள் கிளம்புவார்கள். படி தெரிந்தால் முகத்துவாரத்து மணல்மேட்டில் தண்ணீர் குறைவு. பாரம் ஏற்றிய படகு தரை தட்டும். அன்று மத்தியானம் படி தெரியவில்லை, கண்ணுகளா. வற்றிப்போக வேண்டிய தண்ணீர், எழுந்திருக்க மறந்த விருந்தாளி மாதிரி அங்கேயே உட்கார்ந்திருந்தது.

படகோட்டிக்கு அது வரமாகப் பட்டது. வளைகுடாவுக்கு அந்தப் பக்கத்து ஆஸ்பத்திரியில் அவருடைய ஒரே மகள் வலி கண்டு படுத்திருந்தாள். தலைப்பிரசவம். பக்கத்தில் இருப்பேன் என்று வாக்குக் கொடுத்திருந்தார். தண்ணீர் ஏறும்வரை காத்திருக்க வேண்டுமே என்று காலையிலிருந்து காலில் வெந்நீர் ஊற்றிக்கொண்டவர்போல் நடந்தவர், "கடலே வழி விடுது மாப்ள, கயித்த அவுத்துடு" என்றார்.

மாப்ள என்றது மனைவியின் தம்பியை. படகில் இயந்திரம் பார்ப்பவன். டீசல் தீர்ந்தாலும் அவன் பேச்சுத் தீராது என்று துறையே சொல்லும். குழந்தைக்குத் தாத்தாவின் மூக்கு மட்டும் வந்துவிடக் கூடாது என்று வேண்டிக்கொண்டதாகச் சொல்லியபடியே கயிற்றை அவிழ்த்தான்.

காற்று துளியும் இல்லை. ஆனாலும் கட்டிக் கிடந்த படகுகள் ஒன்றையொன்று இடித்துக்கொண்டிருந்தன. கடற்பறவைகள் கிடங்குக் கூரையில் இறகுக்குள் அலகைச் செருகி உட்கார்ந்திருந்தன. தண்ணீரில் எண்ணெய் பூசியதுபோல ஒரு மினுக்கம். படகோட்டி எல்லாவற்றையும் பார்த்தார். மனசு மட்டும் ஆஸ்பத்திரி வராந்தாவில் நின்றது.

முகத்துவாரத்தை நெருங்கியபோது அலை வந்தது. நுரை இல்லை, சத்தம் இல்லை. நீளமான முதுகு ஒன்று அடியில் புரண்டு படகைத் தூக்கி இறக்கியது. வழக்கமாக வரும் திசையும் அல்ல. அடுத்தது இன்னும் உயரம். மணல்மேட்டின் மேல் சுவராக நிமிர்ந்து உடைந்தது.

அப்போதுதான் அவருக்கு வேறொன்று உறைத்தது. பின்னாலிருந்து பேச்சுக் கேட்டு வெகுநேரமாகியிருந்தது. திரும்பினார். மைத்துனன் கம்பியை இறுகப் பிடித்தபடி நின்றான்.

"என்னடா, நாக்கத் துறையிலயே விட்டுட்டு வந்துட்டியா?"

"மாமா, இது நமக்காக ஏறின தண்ணி இல்ல. எங்கயோ பெருசா புயல் அடிக்குது. அங்கேருந்து தள்ளிவிட்ட தண்ணி."

அவர் இரண்டு அலைகளுக்கு நடுவே படகைத் திருப்பினார். பக்கவாட்டில் விழுந்த ஓர் அடியில் பாத்திரங்கள் உருண்டோடின.

துறையில் சிரித்தார்கள். வெயிலுக்குப் பயந்து திரும்பிய முதல் படகு இதுதானாம். தாத்தாவாகப் போகிறவருக்கு உயிர்மேல் திடீரென்று ஆசை வந்துவிட்டதாம். அவர் காதில் போட்டுக்கொள்ளாமல் ஒற்றைக் கயிற்றுக்கு இரட்டைக் கயிறாகக் கட்டினார்.

போன் அடித்தது. மகள். மூச்சு வாங்கிக்கொண்டிருந்தாள்.

"கிளம்பிட்டீங்களாப்பா?"

"இல்லம்மா. சொன்ன சொல்லக் காப்பாத்த முடியல. இன்னிக்கு வரமாட்டேன்."

 "இங்க தண்ணி ரோட்டுக்கே வந்துடுச்சுப்பா. நீங்க நடுக் கடல்ல இருக்கீங்களோன்னு வலியக்கூட மறந்து கெடந்தேன். சரி, நான் போய்ப் பெத்துட்டு வரேன்" என்று வைத்துவிட்டாள்.

அவர் படியில் நின்றபடியே போனைப் பார்த்துக்கொண்டிருந்தார். தண்ணீர் ஏறிக் கணுக்கால் நனைந்தது. ஒரு படி மேலே ஏறினார். போன் அடிக்கவில்லை. இன்னொரு படி ஏறினார்.