காலியான ஸ்டூல்

அண்ணன் இறந்த பிறகு, தொழிற்சாலையில் அவன் இயக்கிவந்த இயந்திரக் கையை என்னிடம் ஒப்படைத்தார்கள். பிடித்து ஒருமுறை நடத்திக் காட்டினால் அது பாதையை மனப்பாடம் செய்துகொள்ளும். பொருளை எடுத்துப் பெட்டியில் போட அதற்கு நேர்ப்பாதை பழக்க எனக்குக் கொடுத்த கெடுவில் அன்றுதான் கடைசி நாள். முடியாவிட்டால் வேலை போய்விடும்.

“மறுபடியும் வளைச்சிட்டியே! நடுவுல யாரும்மா உக்காந்திருக்கா?” என்றார் சூப்பர்வைசர்.

“நேராதான் சார் வரணும்னு நினைக்கிறேன். கால் கேக்க மாட்டேங்குது.”

நடுவில் அண்ணனின் ஸ்டூல் கிடந்தது. அவன் இருந்தவரை இதே கூடத்தில் வேலை செய்து, அவன்மீது இடிக்காமல் சுற்றிப்போயே பழகியவள் நான். காலையிலிருந்து கையை இழுத்து இழுத்துத் தோள்கள் விட்டுப்போயிருந்தன. ஸ்டூலைத் தூக்கிச் சுவரோரம் வைத்தேன்.

அடுத்த முறை இயந்திரக் கை நேராகப் போனது.

“அப்பாடா! இதுக்கா இவ்ளோ பாடு?” என்றார்.

நான் சுவரோரம் போய் அந்த ஸ்டூலில் உட்கார்ந்தேன்.