இத்தா வீட்டில் தொடங்கிய சங்கம்

2005ஆம் ஆண்டு பெப்ரவரி 3, வியாழக்கிழமை, பிற்பகல் அஸர் தொழுகைக்குப் பின் கல்முனையில் எங்கள் வீட்டில் இருந்தவர்கள்: என் மகள் றாஹிலா, பாண்டிருப்பிலிருந்து வந்த செய்தியாளர் தக்சாயினி, சித்தி லைலா என்ற பெயருடைய சாய்ந்தமருது ஆசிரியை, நாவிதன்வெளியிலிருந்து வந்த விதுசா, தேநீர் கொடுத்த என் மனைவி சபியா உம்மா, எங்கள் குடி வம்சத்தின் சார்பில் பள்ளிவாசல் நிர்வாகத்தில் மரைக்காராக இருக்கும் அபுல் ஹஸனாகிய நான். வேறு எவரும் இல்லை. தாங்களும் அங்கிருந்ததாக இப்போது சொல்கிறவர்கள் அன்று இருக்கவில்லை.

கரையோரப் பெண் ஊடகவியலாளர் சங்கத்தின் முதற் கூட்டம் அது. சங்கத்தின் வரலாறு நூலாக வருகிறது, கூட்டம் நடந்த வீட்டுக்காரர் என்ற முறையில் ஒரு பக்கம் எழுதித் தாருங்கள் என்று சித்தி லைலா போன மாதம் கேட்டார். யுத்தம் முடிந்து ஏழு மாதமாகிறது. ஒரு பக்கத்தில் அடங்காததையும் எழுதுகிறேன். தக்சாயினியின் பெயர் என் மௌனத்தால் கெட்டுக் கிடக்கிறது.

கூட்டம் எங்கள் வீட்டில் நடந்ததற்குக் காரணம், றாஹிலா இத்தாவில் இருந்தது. என் மருமகன் முஸ்தாக்கைச் சுனாமியில் கடல் கொண்டுபோய் நாற்பது நாள் ஆகியிருந்தது. கணவனை இழந்தவள் நான்கு மாதமும் பத்து நாளும் வீட்டோடு இருக்க வேண்டும். அந்நிய ஆண்கள் முன் வரக் கூடாது. ஆகவே ஊர்ப் பெண்கள் அவளைத் தேடி வந்தார்கள். வீடிழந்து பாடசாலை முகாமில் கிடந்தவர்களும் வந்தார்கள். அவளுக்கு ஆறுதல் சொல்ல வந்துவிட்டுத் தங்கள் பாட்டைச் சொல்லி அழுதார்கள். முகாமில் மலசலகூடங்களுக்குக் கதவில்லை, சாக்குத்தான் தொங்கியது. அதனால் பெண்கள் விடிந்ததிலிருந்து இருட்டும்வரை தண்ணீர் குடிப்பதில்லை. இரண்டு கர்ப்பிணிகள் மயங்கி விழுந்தார்கள். முகாமுக்கு வந்த ஆண் செய்தியாளர்களிடம் இதை ஒருத்தியும் வாய்விட்டுச் சொல்லவில்லை.

கலியாணத்துக்கு முன்பே வாரப் பத்திரிகைகளுக்கு எழுதியவள் றாஹிலா. ஓர் அறைக்குள் இருந்துகொண்டே எல்லாவற்றையும் கொப்பியில் எழுதினாள். வெளியே அலைந்த எவருக்கும் கிடைக்காத செய்தி அவளுக்குக் கிடைத்தது. துக்கம் விசாரிக்க வந்த தக்சாயினி அந்தக் கொப்பியைப் பார்த்துவிட்டுத்தான் மற்ற இருவரையும் கூட்டி வந்தாள்.

முதலில் பதவிகளைப் பிரித்தார்கள்.

“தலைவர், செயலாளர், பொருளாளர், உபதலைவர். நாலு பேருக்கும் பதவி. அப்ப உறுப்பினர் ஆரு?” என்றாள் விதுசா.

“சபியா உம்மா மாமியப் போடுங்க. வேலை செய்றது அவ மட்டும்தானே” என்றார் சித்தி லைலா.

இத்தா வீட்டில் சிரிப்புச் சத்தமா என்று நான் கனைத்தேன். உடனே அடங்கினார்கள். பிறகு, கொப்பியில் இருந்த முகாம் செய்தியைக் கட்டுரையாகப் போடும் பேச்சுக்கு வந்தார்கள். பெயர் இல்லாமல் போட முடியாது, நாளைக்கு முகாம்காரர்கள் மறுத்தால் யார் பொறுப்பு என்று பத்திரிகை ஆசிரியர் சொல்லியிருந்தார்.

“என்ட பேரப் போடுங்க” என்றாள் றாஹிலா.

நான் எழும்பினேன். “இத்தால இரிக்கிற பொம்புளைட பேரு பேப்பர்ல வாறதா? மகள், ஊர் என்ன கதைக்கும்? மரைக்காருட மகள் முகாமெல்லாம் திரிஞ்சா எண்டு கதைக்கும்.”

“நான் எங்க வாப்பா திரிஞ்ச? இந்த ஊட்டுக்குள்ளதானே இரிக்கன். இத்தா எனக்கு. என்ட பேருக்கும் இத்தாவா?”

“ஓம். அது உன்ட பேரு மட்டும் இல்ல. இந்தக் குடிட பேரு.”

சபியா உம்மா தேநீர்க் கோப்பையைச் சற்றுப் பலமாக வைத்தாள். நான் தக்சாயினியின் பக்கம் திரும்பினேன்.

“மகள், இத உங்கட பேர்ல போடுங்க. இத்தா முடிஞ்ச அடுத்த வெள்ளி ஜும்ஆவில நானே பள்ளில எழும்பி உண்மையச் சொல்றன்.”

“பிரச்சின வந்தா எனக்குத்தானே வரும், மாமா?”

“நான் இரிக்கன்.”

அவள் றாஹிலாவைப் பார்த்தாள். றாஹிலா குனிந்த தலையை நிமிர்த்தவில்லை. “சரி மாமா, உங்கட சொல்ல நம்பிப் போடுறன்” என்று சொல்லிக் கொப்பியைத் தன் பையில் வைத்தாள்.

கட்டுரை வந்த இரண்டு வாரத்தில் முகாமில் கதவு போட்டார்கள். அதே வாரம், தகவல் சொன்னது யார் என்று கேட்டு முன்பின் தெரியாத இருவர் மோட்டார் சைக்கிளில் தக்சாயினியின் வீட்டுக்குப் போனார்கள். பிறகும் ஒரு முறை போனார்கள். அவர்களிடம் அவள் சொன்னது ஒன்றுதான்: “நான்தான் எழுதினன்.”

என்னிடம் மோட்டார் சைக்கிளில் எவரும் வரவில்லை. ஜும்ஆ முடிந்து பள்ளி விறாந்தையில் மற்றொரு மரைக்கார் மீராமுகைதீன் கேட்டார், அவ்வளவுதான்.

“நம்மட பொண்டுகள்ற கதையப் பேப்பர்ல போட்டிரிக்கிறாவே ஒரு தமிழ்ப் புள்ள, அவ உங்கட ஊட்டுக்கு வந்து போறாவாமே?”

பத்துப் பதினைந்து பேர் நின்றார்கள். நான் நிமிர்ந்து நின்று சொன்னேன்: “மகளுக்கு ஆறுதல் சொல்ல வந்தா. கட்டுரையப் பத்தி எங்கட ஊட்டுல ஒருத்தருக்கும் ஒண்டும் தெரியாது.”

மே மாதம் இத்தா முடிந்தது. அடுத்த ஜும்ஆவில் நான் எழும்பவில்லை. அதற்கடுத்த ஜும்ஆவிலும் எழும்பவில்லை. தெரியாது என்று ஒரு முறை சொன்னவன் பிறகு தெரியும் என்றால் இந்தக் குடியின் சொல்லுக்கு என்ன மதிப்பு என்று எனக்கு நானே சமாதானம் சொன்னேன். றாஹிலா இரண்டு முறை ஞாபகப்படுத்தினாள். மூன்றாம் முறை கேட்கவில்லை. எழுதுவதையும் விட்டுவிட்டாள்.

இத்தா வீட்டுக்கு வந்துபோன பெண்கள் அவள் எழுதியதைக் கண்டிருந்தார்கள். பத்திரிகையில் வேறு பெயரைக் கண்டார்கள். வீட்டுக்காரருக்கு ஒன்றும் தெரியாது என்று நான் சொன்னதையும் கேள்விப்பட்டார்கள். மூன்றையும் சேர்த்து ஊர் ஒரு முடிவுக்கு வந்தது: கணவனை இழந்தவளின் கொப்பியைத் தமிழ்ப் பெண் களவெடுத்துவிட்டாள். அது என் காதுக்கும் வந்தது. என் வீட்டுப் பெயர் அதில் அடிபடவில்லை என்பதால் விட்டுவிட்டேன்.

இந்த வருடம் ஒக்டோபரில் வரலாற்று நூலுக்காகச் சங்கம் கூடியது. அப்போது நாற்பது பேர்; தலைவர் தக்சாயினி. கையொப்பம் இல்லாத கடிதமொன்று அந்தக் களவுக் கதையோடு வந்து சபையில் வாசிக்கப்பட்டது. றாஹிலா எழும்பி, “களவில்ல. நாங்க குடுத்ததுதான்” என்றாளாம். ஒருத்தி கேட்டாளாம்: “அப்ப உங்கட வாப்பா பள்ளில சொன்னது பொய்யா?”

நாற்பது பேரும் பார்த்துக்கொண்டிருக்க, என் மகள் பதில் சொல்லாமல் உட்கார்ந்துவிட்டாள்.

வீட்டுக்கு வந்து என் முன்னால் நின்றாள். “உங்கட மானத்தக் காப்பாத்திட்டன், வாப்பா” என்றாள். அதன்பின் என்னோடு தேவைக்கு மட்டும்தான் கதைக்கிறாள்.

தக்சாயினி அன்றே தலைமையை விட்டாள். மறுநாள் எங்கள் படலையில் நின்று அந்தப் பழைய கொப்பியை என்னிடம் நீட்டினாள். உள்ளே வரச் சொன்னேன், வரவில்லை.

“றாஹிலாட்டக் குடுங்க. இத்தா முடிஞ்சு நாலு வருசத்துக்கு மேல, மாமா. ஜும்ஆ இன்னும் வரல்லயா?”

அவள் விலகிய பிறகு விதுசாவும் சங்கத்தை விட்டுப் போனாள். நாவிதன்வெளி, சொறிக்கல்முனைத் தமிழ்ப் பிள்ளைகள் ஒருவரும் இப்போது கூட்டங்களுக்கு வருவதில்லை. எங்கள் வீட்டில் நால்வர் சிரித்துத் தொடங்கியது இப்போது எங்கள் ஊர் முஸ்லிம் பெண்களின் சங்கமாக மட்டும் இருக்கிறது. அந்தச் சிரிப்பையும் நான்தான் கனைத்து நிறுத்தினேன்.

நாளை வெள்ளிக்கிழமை. இதைப் பள்ளியில் வாசித்துவிட்டுத்தான் சித்தி லைலாவிடம் கொடுப்பேன்.

தக்சாயினி கொப்பியைக் களவெடுத்தாள் என்று சொல்கிறார்கள். களவெடுக்கவில்லை. எழுதியது என் மகள் றாஹிலா. தக்சாயினியின் பெயரைப் போடச் சொன்னது நான். பள்ளியில் நான் சொன்னது பொய்.