பைத்தானுக்குள் ஒரு துண்டு சி

குகனேஸ்வரனுக்கு ரூபினியைக் கண்டதும் பற்றிக்கொண்டுதான் வந்தது, மறைப்பானேன். எஸ்டேட் ஃபேக்டரியில் தேயிலைத் தூளிலிருந்து தண்டைப் பிரிக்கும் மெஷினுக்கு மாதக்கணக்காக உட்கார்ந்து, பைத்தான் என்ற கணினி மொழியில் புரோகிராம் எழுதியவன் அவன். தூள் கொட்டும்போது கேமரா படம் பிடிக்கும், புரோகிராம் தண்டைக் கண்டுபிடிக்கும், காற்றுக்குழாய் அதை ஊதித் தள்ளும். எல்லாம் சரிதான். ஆனால் பாழாய்ப்போன புரோகிராம் கண்டுபிடிப்பதற்குள் தண்டு கீழே போய்விடும். காற்று ஊதுவது பின்னால் வந்த நல்ல தூளை!

மேனேஜர் ஹரிதாஸ் கெடு வைத்துவிட்டார். வெள்ளிக்கிழமை சரியாக ஓடாவிட்டால் வெளியிலிருந்து வேறு மெஷின் வாங்கிவிடுவார். உதவிக்குப் பிரிஞ்சாங் ஊரிலிருந்து ரூபினியை வரவழைத்ததும் அவர்தான். பைத்தானைவிடப் பல மடங்கு வேகமாக ஓடும் சி மொழியில் அவள் கைதேர்ந்தவள். தான் எழுதியதையெல்லாம் அழித்துவிடுவாள் என்று குகன் கறுவிக்கொண்டிருந்தான்.

அவள் ஒரு வரியைக்கூட வீணாகத் தொடவில்லை. நேரம் எங்கே போகிறது என்று முதலில் அளந்தாள். படத்தைப் புள்ளி புள்ளியாகத் துழாவும் ஒரு துண்டை மட்டும் உருவி, சி-யில் எழுதி, கணினி நேரடியாக ஓட்டும்படி கம்பைல் செய்து, பைத்தான் கூப்பிட்டால் ஓடிவரும்படி கோத்துவிட்டாள். எந்த நிறம் தண்டு, எப்போது ஊதுவது என்பதெல்லாம் குகன் எழுதியபடியே இருந்தன. ஓட்டிப் பார்த்தால், அடேயப்பா! தண்டு மட்டும் தெறித்து விழுந்தது. குகன் வாயைப் பிளந்துகொண்டு நின்றான்.

வெள்ளிக்கிழமை ஹரிதாஸ் முன்னால் பொத்தானை அமுக்கியதும் புரோகிராம் பொசுக்கென்று நின்றது. என்ன பிழை என்றுகூடச் சொல்லவில்லை.

"அந்த சி-தான் கெடுத்துடுச்சு," என்றார் ஹரிதாஸ். "அதைத் தூக்கிரு குகன். கெடுவைத் தள்ளி வைக்கிறேன், உன்னோடதை மட்டும் வச்சு இன்னும் ஒரு மாசம் பாரு."

ரூபினியின் முகம் சுண்டிப்போயிற்று. குகனுக்குச் சுருக்கென்றது. இன்னும் வேகமாகட்டுமே என்று காலையில் கேமராப் படத்தைச் சின்னதாக்கியவன் அவன். பழைய அளவையே சி-க்கு அனுப்பிக்கொண்டிருந்தான். பைத்தான் இடறினால் வாய்விட்டுச் சொல்லும். சி சொன்ன அளவை அப்படியே நம்பும். படம் முடிந்த பிறகும் துழாவிக்கொண்டே போய் விழுந்திருக்கிறது. வாயை மூடிக்கொண்டிருந்தால் பழி அவளோடு போய்விடும், மெஷின் அவனுடையதாகவே இருக்கும்.

"தப்பு என்னோடது பாஸ்," என்றான். "படத்தோட அளவை மாத்தினேன். இவங்ககிட்ட சொல்லல."

ரூபினி கோபிக்கவில்லை. "படத்துக்கிட்டயே அளவைக் கேட்டு என் துண்டுக்கு அனுப்புங்க, போதும்," என்றாள்.

அவன் பைத்தானில் ஒரு வரியை மாற்றினான். மெஷின் ஓடியது. தண்டு ஒருபக்கம், தூள் ஒருபக்கம். ஹரிதாஸ் குனிந்து தூளை அள்ளிப் பார்த்தார்.

"இவ்ளோ வேகம்னா மொத்தத்தையும் சி-லயே எழுதிடலாமேம்மா?"

"வேணாம் பாஸ். மழையில பறிச்ச கொழுந்து வந்தா தூளோட நிறமே மாறிடும். அப்ப நின்ன நிலையில மாத்தணும். அதுக்கு அவரோட பைத்தான்தான் சரி."

ஹரிதாஸ் திரும்பினார். "நீ என்ன சொல்ற?"

குகன் ரூபினி பக்கம் கையைக் காட்டினான். "அவங்க துண்டு இல்லன்னா என்னோடது வெறும் வாய்ப்பேச்சுலா பாஸ்."